மஞ்சள் அட்டை வரும்வரை

ஜனவரி 4, காத்மாண்டு

வந்து சேர்ந்தேன். கோவையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து இங்கே. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், பசுபதிநாதரைப் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வருகிறவன், சூதாட்ட விடுதிகளில் பிளாக்ஜாக் சீட்டாட்ட விதிகளைப் பார்வையிடப் போகிறேன் என்று சொன்னால் அவர் இருக்கையை மாற்றிக் கேட்டிருப்பார்.

லாட்ஜ் மூன்றாவது மாடி. வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரை. இங்கே கடிகாரம் நம்மைவிடப் பதினைந்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. நான் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை.

சாந்தாமணி சொன்னதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளாக நாளாக எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன். டிசம்பர் 27, வக்கீல் ஆபீஸ் மாடிப்படி. கோர்ட்டில் இரண்டாவது வாய்தா பிப்ரவரி 5. அன்றைக்கு இரண்டு பேரும் போய்ச் சம்மதம் என்று சொல்லிவிட்டால் இருபத்தொன்பது வருஷக் கல்யாணம் முடிந்தது. படி இறங்கும்போது கேட்டேன்.

"அதுக்குள்ள ஒரே ஒரு தடவை சேர்ந்து ஆடலாமா, சாந்தாமணி?"

நாலு படி இறங்கிய பிறகுதான் பதில் வந்தது. "கோவாவுக்கு நான் வரமாட்டனுங்க."

"கோவா வேண்டாம். நேபாளத்துல இருக்குதாம்."

"போய்ப் பாத்து எழுதுங்க. எண்றதுக்கு லாயக்கான மேசையா இருந்தா வர்றேன். இல்லாட்டிக் கோர்ட்டுல பாத்துக்கலாம்." கீழே போய்ச் செருப்பை மாட்டினாள். நிமிராமலே சொன்னாள்: "நீங்க நூறு பொய் சொல்லுவீங்க. மேசையப் பத்தி மட்டும் சொன்னதில்ல."

அந்தப் பேச்சை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஜனவரி 5

குளிர். துவைத்த பனியன் காயவில்லை. எங்கும் போகவில்லை.

ஜனவரி 7

முதல் விடுதி. பெரிய ஹோட்டலின் அடித்தளம். உள்ளூர்க்காரர்களுக்கு அனுமதி இல்லை, வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும். உள்ளே போனால் பாதிப் பேர் நம் ஆட்கள். ஒரு பக்கம் இலவசச் சாப்பாடு, ஒரு பக்கம் மேடையில் இந்திப் பாட்டுக்கு ஆட்டம். பிளாக்ஜாக் மேசை இரண்டு.

இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மேசை ஓரத்தில் ஒரு கறுப்பு இயந்திரம். ஆடி முடித்த சீட்டுகளை டீலர் உடனே அதற்குள் திணிக்கிறார். அது ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே போன சீட்டு அடுத்த ஆட்டத்திலேயே திரும்பி வரலாம். இதில் எதை எண்ணுவது?

எண்ணுவது என்றால் பணத்தை அல்ல, சீட்டை. இதை சாந்தாமணி யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அவள் தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய வருஷம் கோவாவுக்குச் சுற்றுலா போனோம். ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலை வேடிக்கை பார்க்க ஏறினோம். ஒரு மேசையருகே ஒரு மணி நேரம் நின்றவள் என் காதில் சொன்னாள்: "ஏனுங்க, பெரிய சீட்டெல்லாம் இன்னும் பெட்டிக்குள்ளயே இருக்குது. அவரு எதுக்கு இப்பப் போயிக் கம்மியாக் கட்டறாரு?" முப்பது வருஷம் ஊர்க்காரர்களின் நம்பரை எல்லாம் தலையில் வைத்திருந்தவளுக்கு ஆறு கட்டுச் சீட்டு ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆட்டம் சுலபம். இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருக்க வேண்டும். டீலர் சீட்டு எடுக்கும் பெட்டியில் பத்தும் ராஜாவும் ஏஸும் நிறைய மிச்சமிருந்தால் ஆடுகிறவனுக்கு நல்லது. சின்னச் சீட்டுகள் மிச்சமிருந்தால் விடுதிக்கு நல்லது. ஆகவே சின்னச் சீட்டு ஒன்று வெளியே வந்தால் மனத்தில் ஒன்றைக் கூட்டு, பெரிய சீட்டு வந்தால் ஒன்றைக் கழி. ப்ளஸ் ஏற ஏறப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது அதிகம் கட்டலாம்.

எனக்கு அந்தக் கணக்கு ஓடாது. பக்கத்தில் ஒருவன் இருமினால் மறந்துவிடும். அவளோ சாப்பாட்டு மேசையில் சீட்டைப் பரப்பி, மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு, அந்த இரைச்சலில் எண்ணிப் பழகினாள். எனக்கு வாய்த்தது வேறு வேலை. நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் தரம் பார்த்தவன் நான். மேசை தேறுமா தேறாதா என்று பார்ப்பேன். எத்தனை கட்டு, முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று, அதாவது பிளாக்ஜாக், விழுந்தால் எவ்வளவு தருகிறான், டீலர் பதினேழு வந்ததும் சீட்டு எடுக்காமல் நிற்கிறாரா, மஞ்சள் அட்டையை எங்கே செருகுகிறார். நான் சரி என்று சொன்னால்தான் அவள் உட்காருவாள்.

இன்றைய மேசை தேறாது.

ஜனவரி 8

அவளுக்கு எழுதினேன்: "இயந்திரம். லாயக்கில்லை."

பதில்: "சரிங்க."

ஜனவரி 10

இரண்டாவது விடுதி. கையால் கலைக்கிறார்கள். ஆறு கட்டு. மனம் துள்ளியது. அப்புறம் மேசைத் துணியில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். பிளாக்ஜாக்குக்கு ஐந்துக்கு ஆறு. நியாயமாக இரண்டுக்கு மூன்று தர வேண்டும். கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் நூற்றுக்கு ஒன்றரைபோல விடுதியின் பக்கம் போய்விடும். எண்ணி எண்ணி மூளை வெந்து சம்பாதிப்பதை இந்த ஒரு வரி விழுங்கிவிடும்.

என் பக்கத்தில் கான்பூர்க்காரர் ஒருவருக்கு பிளாக்ஜாக் விழுந்தது. எல்லோரையும் கட்டிப்பிடித்தார். என்னையும். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மனிதர் என்னைக் கட்டிப்பிடிக்கிறார் என்பது லாட்ஜுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எழுதினேன். பதில் இந்த முறை கொஞ்சம் நீளம்: "அஞ்சுக்கு ஆறா, அதுல உக்காரவே கூடாது. குளிருக்குக் காதுல பஞ்சு வெச்சுக்கோங்க."

பஞ்சு வாங்கப் போனேன். கடைக்காரருக்குப் பஞ்சு என்றால் என்னவென்று விளக்க முடியாமல் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். காதுவலி மருந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 12

மூன்றாவது. இரண்டுக்கு மூன்று தருகிறான். இயந்திரம் இல்லை. டீலர் பதினேழில் நிற்கிறார். ஆனால் மஞ்சள் அட்டையைப் பாதியில் செருகுகிறார்கள். அந்த பிளாஸ்டிக் அட்டை வெளியே வந்தால் பெட்டி முடிந்தது, மறுபடி கலைப்பார்கள். ஆறு கட்டில் மூன்று கட்டு ஆடப்படாமலே போகிறது. ப்ளஸ் ஏறத் தொடங்கும்போது அட்டை வந்துவிடும்.

லாட்ஜில் உட்கார்ந்து செய்தி எழுதினேன். "அட்டைக்குப் பின்னால் ஒரு கட்டுதான் விடுகிறார்கள்." எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அனுப்பினால் வந்துவிடுவாள். விமான நிலையத்தில் அந்தப் பச்சை ஸ்வெட்டரில் வருவாள். மேசைக்கு வந்து பத்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பாள். அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு நாளாவது கூட இருந்திருப்பாள்.

அழித்துவிட்டு உள்ளதை எழுதினேன். மூன்று கட்டு.

"சரிங்க" வந்தது.

ஜனவரி 13

வெந்நீர் வரவில்லை. லாட்ஜ்கார ஸ்ரேஷ்டா அம்மாள் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் நன்றி சொன்னேன். அவர் சிரித்த விதத்தில் வேறு ஏதோ சொல்லிவிட்டேன்போல.

ஜனவரி 15

பொங்கல். இவர்களுக்கும் இன்று சங்கராந்தி. ஸ்ரேஷ்டா அம்மாள் அவித்த வள்ளிக்கிழங்கும் நெய்யும் எள்ளுருண்டையும் கொடுத்தார். குடும்பம் இல்லையா என்று கேட்டார். மனைவி வரப்போகிறாள், ஒரு வேலையாக இருக்கிறாள் என்றேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இல்லை என்றேன். கிழங்கில் இன்னும் ஒரு துண்டு வைத்தார்.

சாந்தாமணி கிணத்துக்கடவில் தம்பி நாச்சிமுத்து வீட்டில் இருக்கிறாள். பதினாலு மாதமாக. இன்று அங்கே அவள் அப்பா படத்துக்கு முன்னால் பொங்கல் வைத்திருப்பார்கள்.

கோவாவில் நடந்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. நாங்கள் போன ஐந்தாவது தடவை அது. அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்றேன். மேசையில் ஃபோன் கூடாது என்பதால் அவளுடையதும் என்னிடம்தான் இருக்கும், சட்டைப் பையில். ஊரில் அவள் அப்பாவுக்கு முடியாமல் போனது. நாச்சிமுத்து கூப்பிட்டிருக்கிறான், செய்தியும் அனுப்பியிருக்கிறான். கப்பல் இரைச்சலில் ஃபோன் அதிர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பெட்டி முடிந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. இதுதான் நடந்தது.

ஜனவரி 17

கிடைத்துவிட்டது.

நாலாவது விடுதி, கொஞ்சம் பழையது. படிக்கட்டில் கம்பளம் கிழிந்திருக்கிறது. மத்தியானம் கூட்டமே இல்லை. ஆறு கட்டு, கையால் கலைக்கிறார்கள், இரண்டுக்கு மூன்று. டீலர் எல்லாப் பதினேழிலும் நிற்கிறார். ஜோடியைப் பிரித்த பிறகும் இரட்டிப்பாகக் கட்டலாம். கை மோசமாக இருந்தால் பாதியைக் கொடுத்து விலகலாம். மஞ்சள் அட்டைக்குப் பின்னால் ஒரு கட்டுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மூன்று பெட்டி நின்று பார்த்தேன். மில்லில் கூட இவ்வளவு குறையில்லாத சரக்கை நான் கண்டதில்லை.

திரும்பும் வழியில் தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். ஒரு நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். கடைசியில், "எண்ணலாம்" என்று.

ஜனவரி 18

பதில் இல்லை.

ஃபோனைப் பார்த்துப் பார்த்து அலுத்து இந்த நோட்டைப் புரட்டினேன். பழைய நோட்டு. முதல் கோவாவிலிருந்து எல்லா மேசைகளின் விதிகளும் இதில்தான் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் நாங்கள் எங்களுக்குப் போட்டுக்கொண்ட விதிகள். மூன்றாவது விதி: "பெட்டி நல்லா இருக்கும்போது வீடே எரிந்தாலும் என்னிடம் சொல்லக் கூடாது." அதன் கீழே ஒரு வீடு வரைந்து, புகை வருவதுபோல் கோடு இழுத்திருக்கிறாள். அன்றைக்கு இருவரும் எவ்வளவு சிரித்தோம்.

பதினைந்தாம் தேதி எழுதியதை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. கீழே சரியாக எழுதுகிறேன்.

ஃபோன் அதிர்ந்தது எனக்குத் தெரியும். எடுத்துப் பார்த்தேன். 5.12. "அக்கா, அப்பாவுக்கு முடியல. உன்கூடப் பேசோணும்னு கேக்கறாரு. உடனே கூப்பிடு." முழுதாகப் படித்தேன். பெட்டி அப்போது நன்றாக இருந்தது. அவள் முதுகு நேராக இருந்தால் ப்ளஸ் ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது விதியை நினைத்தேன். பெரியவர் இதற்கு முன்னும் இரண்டு தடவை முடியாமல் போய் எழுந்து உட்கார்ந்தவர் என்றும் நினைத்தேன். மஞ்சள் அட்டை வரட்டும் என்று நின்றேன். வந்தபோது 5.40. அவர் 5.25-க்கே போய்விட்டார்.

அவள் எழுந்து சிரித்த முகத்தோடு திரும்பினாள். ஃபோனை நீட்டி, "இப்பத்தான் வந்துச்சு" என்றேன்.

செய்தியின் கீழே நேரம் இருக்கும் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 19

பதில் வந்தது. மேசையைப் பற்றித்தான். "டீலர் மாறினா அட்டை வெக்கற எடமும் மாறுங்க. இன்னும் ரெண்டு நாள் பாருங்க. ஏஸைப் பிரிச்சா ஒரு சீட்டுத்தானா, மேலயும் தர்றாங்களா?"

எட்டு தடவையாவது படித்திருப்பேன். வரப்போகிறவள்தான் ஏஸைப் பற்றிக் கேட்பாள்.

ஓடினேன். ஒரு சீட்டுத்தான். எழுதினேன். "வழக்கமானதுதான், பரவாயில்ல" என்று உடனே பதில் வந்தது. அப்புறம் தனியாக ஒன்று: "அங்க அரிசிச் சோறு கிடைக்குதுங்களா?"

கிடைக்கிறது, பருப்பும் கிடைக்கிறது, ரசம்தான் இல்லை என்று எழுதினேன். ரசப்பொடி கொண்டுவருகிறேன் என்று அவள் எழுதவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஸ்ரேஷ்டா அம்மாளிடம் போய், ஒரு நாள் சமையலறையில் அடுப்பு கிடைக்குமா என்று கேட்டு வைத்தேன். பக்கத்து அறை காலியா என்றும் கேட்டேன். அவளுக்குத் தனி அறைதான். நான் ஒன்றும் கனவு காணவில்லை.

ஜனவரி 20

மூன்று டீலர்களைப் பார்த்தேன். சட்டையில் பெயர் குத்தியிருக்கிறார்கள். சபீனா என்ற பெண் ஒரு கட்டு விடுகிறாள். மற்ற இருவர் ஒன்றரை. சபீனாவுக்கு மத்தியானம் பன்னிரண்டு முதல் நாலு வரை வேலை.

நான் சும்மா நின்று பார்ப்பதைக் கண்டு மேற்பார்வையாளர் வந்து பணிவாகச் சொன்னார், ஆடுவதானால் உட்காருங்கள் ஐயா என்று. நாளைக்கு உட்கார வேண்டியதுதான். குறைந்தபட்சம் கட்டிக்கொண்டு. பார்ப்பதற்காக மட்டும்.

பச்சை ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்திருந்தது. தைத்திருப்பாளா?

ஜனவரி 21

எழுதாமல் படுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

ஒரு மணிக்கு சபீனா மேசையில் உட்கார்ந்தேன். வேறு யாரும் இல்லை. முதல் பெட்டியில் எண்ணிப் பார்த்தேன், வழக்கம்போலப் பாதியில் விட்டுப்போனது. இரண்டாவது பெட்டி. யாரும் இருமவில்லை. மேடையில் பாட்டு இல்லை. சின்னச் சீட்டாக வந்து கொட்டியது. நாலு, அஞ்சு, ரெண்டு, ஆறு. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கு கையைவிட்டுப் போகாமல் நின்றது. ப்ளஸ் ஒன்பது. இன்னும் இரண்டு கட்டு மிச்சம். கோவாவில் சாந்தாமணி எங்கே உட்கார்ந்திருந்தாள், என்ன பார்த்தாள், ஏன் முதுகு நேரானது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

மேசைக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். சாந்தாமணி. நின்றது. மறுபடி அதிர்ந்தது. சாந்தாமணி.

எழுந்தால் சீட்டைக் கலைத்துவிடுவார்கள், கணக்கு போகும். மஞ்சள் அட்டை எவ்வளவு ஆழத்தில் வருகிறது என்று அவளுக்குத்தானே பார்க்கிறேன். இப்படியெல்லாம் நினைத்தேனா, பிறகு நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. ஃபோனைப் பையில் போட்டேன். அட்டை வந்தது. எழுந்து வெளியே போய்க் கூப்பிட்டேன். பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்க இருந்தீங்க?"

குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். தெருவில் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் வாய்வரைக்கும் வந்தன.

"மேசையில."

"நான் கூப்பிட்டது தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

"நான்தான்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது, சாந்தாமணி."

அப்புறம் நான் எதிர்பார்க்காத கேள்வி. "எத்தனை?"

"ப்ளஸ் ஒம்பது. ரெண்டு கட்டு பாக்கி."

பின்னால் நாச்சிமுத்து "அக்கா, போடட்டுமா வேண்டாமா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. டிக்கெட் போட உட்கார்ந்துகொண்டுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ப்ளஸ் ஒம்பதுல நானும் எந்திரிச்சிருக்க மாட்டனுங்க" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல..."

"நான் சொல்றேன். கேளுங்க. அப்பா போனதுக்கு உங்க மேல கோவம்னு நினைச்சுட்டு இருக்கீங்க. பொய் சொன்னதுக்குன்னு நினைச்சுட்டு இருக்கீங்க. அதுவும்தான். ஆனா நெம்ப நாளா என்னைத் தூங்க விடாதது வேறங்க. அன்னைக்கு நீங்க என் தோளத் தொட்டு, அப்பா கூப்பிடறாருன்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சிருப்பனா? இல்ல, இருங்க, இந்தப் பெட்டி முடியட்டும்னு சொல்லியிருப்பனா? பதினாலு மாசமா யோசிக்கறேன். எந்திரிச்சிருப்பேன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் எப்பேர்ப்பட்ட மகள்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். நல்லவளோ கெட்டவளோ, தெரிஞ்சிருக்கும். அதைப் போயி நீங்க எடுத்துக்கிட்டீங்க."

படிக்கட்டுக் கம்பளத்தின் கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேசை நல்ல மேசைதானுங்களா?"

"நல்ல மேசை."

"எண்ணலாமா?"

"எண்ணலாம்."

"அப்ப நான் வரலீங்க" என்றாள். "அதுல உக்காந்தா மறுபடியும் எந்திரிக்க மாட்டேன். மோசமான மேசையா இருந்திருந்தா வந்திருப்பனோ என்னமோ."

ஜனவரி 22

அடுப்பு வேண்டாம் என்று ஸ்ரேஷ்டா அம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 24

கோவை. வீட்டில் பால் பாக்கெட் போடுகிறவர் நான் இல்லாத நாளெல்லாம் போட்டிருக்கிறார். கேட் பக்கம் பூராவும் நாற்றம். கழுவி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

மேசைமேல் மிக்ஸி. ஸ்விட்சைப் போட்டேன். வெறுமனே ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நிறுத்தினேன்.

பிப்ரவரி 1

வக்கீல் கூப்பிட்டார். ஐந்தாம் தேதி பத்தரைக்கு. ஆதார் அட்டை அசல் கொண்டுவர வேண்டும்.

நான் வராமல் இருந்தால் வாய்தா தள்ளிப்போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். எத்தனை தடவை அப்படிச் செய்யலாம் என்று கேட்டேன். அவர், "அந்தம்மா பாவங்க சார்" என்றார்.

போகிறேன்.

பிப்ரவரி 5

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இஸ்திரி செய்ததில் காலர் ஓரம் கருகிவிட்டது. பார்த்தும் மாற்றவில்லை.

சாந்தாமணி எனக்கு முன்பே வந்திருந்தாள். பச்சை ஸ்வெட்டர் இல்லை, இங்கே எதற்கு ஸ்வெட்டர். கொஞ்சம் இளைத்திருந்தாள். கோர்ட் வராந்தா பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தோம்.

"காது பரவாயில்லீங்களா?" என்று கேட்டாள்.

"பஞ்சு கிடைக்கல. மருந்துதான் கிடைச்சுது."

லேசாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு. அதைப் பார்க்காததுபோல இருந்தேன்.

வக்கீல் வந்து கையெழுத்துப் போட அவளை முதலில் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே ஃபோன் கூடாதாம். அவள் எழுந்து, யோசிக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், பழக்கத்தில் ஃபோனை என் பக்கம் நீட்டினாள். பழக்கத்தில் நானும் வாங்கிக்கொண்டேன். கையில் வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஒரு நொடி நின்றாள். திரும்பக் கேட்கவில்லை. உள்ளே போனாள்.

சட்டைப் பையில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நிமிஷம் இருக்கும். அடித்தது. நாச்சிமுத்து.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். குமாஸ்தா, "சார், சார், வெளிய இருங்க" என்றார். வக்கீல் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். அவள் பேனாவோடு நிமிர்ந்தாள். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினேன்.

"நாச்சிமுத்து கூப்பிடறான்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. வாங்கிக் காதில் வைத்தாள். அவன் குரல் வெளியே எங்களுக்கும் கேட்டது. "அக்கா, கேஸ் சிலிண்டர்காரன் வந்து நிக்கறான். புக்கு எங்க வெச்ச?"

"அலமாரி மேல. மஞ்சப் பைக்குள்ள பாரு" என்றாள்.

கேஸ் சிலிண்டர். நான் அங்கேயே நின்றேன், கருகின காலரோடு. குமாஸ்தா என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன ரிங்கு போச்சுங்க?" என்று கேட்டாள், மெதுவாக.

"ரெண்டு. கதவு கொஞ்சம் இறுக்கம்."

தலையை ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் விழவில்லை. குனிந்து மிச்சமிருந்த இடங்களில் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். என் பெயரில் எத்தனை எழுத்து என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, அவ்வளவு நேரம் பிடித்தது.

நீதிபதி ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். முதலில் நான். சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா என்று கேட்டார். "அவங்க சொல்றதுதானுங்க ஐயா, நானும் சொல்றது" என்றேன். நேராகச் சொல்லுங்கள் என்றார். இல்லை என்று சொன்னேன்.

அடுத்து அவள் முறை. கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். ஃபோனை என்னிடம் கொடுத்தாள். இந்தத் தடவை பழக்கத்தில் அல்ல, பார்த்துக் கொடுத்தாள்.

பதினொரு நிமிஷம் உள்ளே இருந்தாள். அது வரைக்கும் கண்ணை எடுக்காமல் அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அடித்தால் நீதிபதி அறையாக இருந்தாலும் போவேன் என்று இருந்தேன். கேஸ்காரன் மறுபடி வரட்டும், யாராவது தப்பு நம்பரில் கூப்பிடட்டும். அடி, அடி என்று அதை வேண்டிக்கொண்டேன்.

கதவு திறந்தது. வந்து எதிரில் நின்று கையை நீட்டினாள்.

"முடிஞ்சுதுங்க" என்றாள். "யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"இல்ல" என்று கொடுத்தேன்.